தேர்தல் மேடையின் "ஆகவே": பிரசாரப் பேச்சைக் கொழும்பிலிருந்து கேட்பது எப்படி

தேர்தல் மேடைகளில் அப்பட்டமான பொய் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பேச்சாளருக்குச் சட்டம் தெரியும். கூட்டத்தில் யாரோ ஒருவர் கைபேசியில் தன்னைப் பதிவு செய்துகொண்டிருப்பதும் தெரியும். ஆகையால் அவர் சொல்லும் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொல்லும் சம்பவமும் பெரும்பாலும் நடந்ததாகவே இருக்கும். கோளாறு, அவற்றிலிருந்து முடிவுக்குத் தாவும் இடத்தில் இருக்கிறது. "பணவீக்கம் இறங்கிவிட்டது, ஆகவே…", "நம்மவர் பிரிந்து நிற்கிறார்கள், ஆகவே…" என்ற அந்த "ஆகவே"யில். பேச்சை உண்மை, பொய் என்று இரண்டு கூறாக்கிச் சரிபார்ப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

இதற்குத் தமிழில் மிகப் பழைய கருவி ஒன்று உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவையியலை, அதாவது தருக்கத்தை, சொல்லும்போது, போலிக் காரணங்களை, அதாவது ஏதுப்போலியை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுக்கிறார். முதலாவதில் காரணமே நிலைநாட்டப்படவில்லை. இரண்டாவதில் காரணம் உண்மைதான், ஆனால் சொல்லப்பட்ட முடிவுக்கும் அதற்கு நேர் எதிரான முடிவுக்கும் ஒரேபோலப் பொருந்தும். மூன்றாவதில் காரணம் பேச்சாளருடைய முடிவைக் கவிழ்த்துவிடும். இலத்தீன் பெயர்களோடு வரும் நவீன வழுப் பட்டியல்கள் நீளமானவை; வகுப்பறைக்கு நல்லவை. மைதானத்தில் நின்று கேட்பவருக்கு இந்த மூன்று கேள்விகளே வேலை செய்யும்.

கீழே மேற்கோள் குறிக்குள் வரும் மேடை வாசகங்கள் எந்தத் தனி ஒருவருடையவையும் அல்ல. பல கட்சிகளின் மேடைகளிலும் புழங்கும் அச்சுகள். பெயரோடு வருபவை மட்டும் வரலாறு.

அசித்தம்: கேள்வியாக வரும் குற்றச்சாட்டு

"அந்தப் பணம் எங்கே போனது? நான் கேட்கவில்லை, கொட்டாஞ்சேனை மக்கள் கேட்கிறார்கள்." இந்த வடிவம் தற்செயலானதல்ல. வேட்பாளர் ஒருவரின் தனிப்பட்ட குணத்தையோ நடத்தையையோ பற்றிப் பொய்யான தகவலை வெளியிடுவது எங்கள் தேர்தல் சட்டங்களின்படி குற்றம். கேள்வியைத் தகவல் என்று நிறுவுவது கடினம். "மக்கள் பேசிக்கொள்கிறார்கள்" என்பதற்கு மூலம் கேட்க முடியாது. ஆகவே குற்றச்சாட்டு கேள்வியாகவும், பேச்சாளர் வெறும் தூதராகவும் மாறிவிடுகிறார்கள். கேட்பவர் செய்ய வேண்டியது, அந்தக் கேள்வியைக் கூற்றாகத் திருப்பி எழுதுவது: "இன்னார் இவ்வளவு பணத்தை எடுத்தார்." எழுதியவுடன் தொகை, ஆண்டு, ஆவணம் மூன்றும் இல்லை என்பது கண்ணில் படும்.

இதே வகையில் சேர்வது திரும்பத் திரும்பச் சொல்லுதல். ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ ஆகிய மூவர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளிகளில் மூன்று தடவை பல கூற்றுகளைக் கொடுத்து, எவ்வளவு உண்மை என மதிப்பிடச் சொன்னார்கள். மறுபடி மறுபடி வந்த கூற்றுகளுக்கு, அவை உண்மையோ பொய்யோ, மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. முச்சக்கரவண்டி ஒலிபெருக்கி ஒரே வரியைத் தெருத் தெருவாகச் சொல்லிப் போவதற்கும், அதே வரி வட்ஸ்அப்பில் நான்கு குழுக்களிலிருந்து வருவதற்கும் பின்னால் உள்ள கணக்கு இதுதான். நான்கு பேர் அனுப்பியதால் நான்கு சான்றுகள் ஆகிவிடாது. மூலம் ஒன்றாக இருந்தால் சான்றும் ஒன்றுதான்.

அநைகாந்திகம்: இரண்டு பக்கமும் வெட்டும் எண்

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. ஆசனங்களில் இது ஏறத்தாழ 71 வீதம். செல்லுபடியான வாக்குகளில் 61.56 வீதம். பதிவுசெய்த 1 கோடி 71 இலட்சம் வாக்காளர்களில் கணக்கிட்டால் சுமார் 40 வீதம். மூன்றும் சரியான எண்கள். ஆளும் தரப்பு மேடை முதலாவதை எடுத்து "மூன்றில் இரண்டு மக்கள் ஆணை" என்கிறது. ஆசனங்களின் பங்கு மக்களின் பங்காகிவிடுகிறது. எதிர்த்தரப்பு மூன்றாவதை எடுத்து "60 வீதமானோர் இவர்களை ஏற்கவில்லை" என்கிறது. வாக்களிக்கவே போகாதவர் எல்லாரும் எதிர்ப்பாளர்களாகிவிடுகிறார்கள். இது இன்றைய நோயும் அல்ல. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 வீத வாக்குகளோடு 168இல் 140 ஆசனங்களைப் பிடித்தது. அன்றும் ஆசனத்தைத்தான் ஆணையென்று எண்ணினார்கள்.

கொழும்பு மாநகர சபையில் இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். 2025 மே 6 தேர்தலில் 117 ஆசனங்களில் 48 பெற்றுத் தேசிய மக்கள் சக்தி முதலிடத்தில் வந்தது. "கொழும்பு எங்களைத் தெரிவு செய்தது" என்பதற்கும் அந்த 48தான் ஆதாரம். மீதி 69ஐக் காட்டி "கொழும்பு அவர்களை நிராகரித்தது" என்பதற்கும் அதே 48தான் ஆதாரம். மேயரைத் தெரிவு செய்தது பின்னர் சபைக்குள் நடந்த இரகசிய வாக்கெடுப்பு: 61க்கு 54. சபையில் அறுதிப் பெரும்பான்மை எவருக்கும் இல்லை என்ற ஒன்றைத் தவிர, தேர்தல் முடிவு வேறெதையும் சொல்லவில்லை.

இப்படியான இடத்தில் கேட்க வேண்டியது: எதில் எத்தனை? வீதம் ஒன்று காதில் விழுந்தால் அதன் வகுக்கும் எண்ணைத் தேடுங்கள். அது சொல்லப்படாவிட்டால், அடுத்த மேடை அதே எண்ணை மறுபக்கம் திருப்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பொருளாதார மீட்சியும் இதில் அடங்கும். 2022இல் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் சுமார் 5 வீதம் வளர்ந்தது. இடையில் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் ஏற்பாடு, வரி உயர்வு, கடன் மறுசீரமைப்பு, சுற்றுலாப் பயணிகளின் வருகை, ஆட்சி மாற்றம் எல்லாம் வந்தன. ஒன்றன் பின் ஒன்று வந்ததால் ஒன்றால் மற்றது வந்தது என்று சொல்ல முன்னாள் ஆட்சியாளருக்கும் இந்நாள் ஆட்சியாளருக்கும் ஒரே வளர்ச்சி வீதம் உதவுகிறது.

விருத்தம்: எண்ணே எதிர்ச்சாட்சி

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம். 2023 செப்டெம்பரில் 1.3 வீதம். "69இலிருந்து 1க்கு இறக்கினோம், ஆகவே சாமான்கள் மலிந்தன" என்று மேடையில் சொன்னால் இரண்டு எண்களும் சரி, முடிவு மட்டும் தலைகீழ். பணவீக்கம் என்பது விலை அல்ல. விலை ஏறும் வேகம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை 2022 செப்டெம்பரில் 169 ரூபா 80 சதம், அதன்மேல் 1.3 வீதம் ஏறி 2023 செப்டெம்பரில் சுமார் 172 ரூபா. 1.3 என்ற எண் பூச்சியத்துக்கு மேலே இருப்பதே விலை இறங்கவில்லை என்பதற்குச் சாட்சி. பேச்சாளர் கையில் எடுத்த ஆதாரம் அவருக்கு எதிராகப் பேசுகிறது.

இதற்கு மறுபுறத்து ஏமாற்றும் உண்டு. "இரண்டு வருடத்தில் விலை 72 வீதம் ஏறியது, இந்த அரசு ஏற்றியது" என்று சொல்பவர், ஏற்றத்தின் பெரும் பங்கு எந்த மாதங்களில், யார் ஆட்சியில் நடந்தது என்பதை மறைக்கிறார். ஆரம்ப ஆண்டைத் தெரிவு செய்வதே பாதி வாதம். 2022இலிருந்து அளந்தால் யாரும் வீரர். 2019இலிருந்து அளந்தால் யாரும் குற்றவாளி.

சம்பள எண்களையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொழும்பு வடக்கில் மலையகத்தில் வேர் உள்ள குடும்பங்கள் ஏராளம். தோட்டச் சம்பளம் ஜம்பட்டா வீதி மேடையிலும் கைதட்டல் வாங்கும். பல ஆண்டுகள் வாக்குறுதியாகவே உலாவிய "1,000 ரூபா" 2021இல் வர்த்தமானியில் வந்தபோது 900 அடிப்படை, 100 வரவுசெலவுத்திட்டக் கொடுப்பனவு என்று வந்தது. 2024இல் "1,700" என முழங்கப்பட்டதில் 1,350 அடிப்படை, 350 கொடுப்பனவு. அவ்வாண்டு செப்டெம்பரில் உறுதியாக நின்றது 1,350. மேடையில் ஒலிப்பது கூட்டுத்தொகை. கைக்கு வருவது நிபந்தனைகளோடு பிரிந்து வருவது.

"வாக்கு வீணாகும்", "வாக்கு சிதறும்"

கொழும்புத் தமிழ் வாக்காளர் அதிகம் கேட்கும் பயமுறுத்தல் இதுதான். முழுக்கப் பொய் என்றும் ஒதுக்க முடியாது, முழுக்க உண்மையும் அல்ல. எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பேச்சாளர்கள் அதை வசதியாகக் கலந்துவிடுகிறார்கள்.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பு வரிசை இடலாம். யாரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் தவிர்ந்த மற்றவர்களின் வாக்குச்சீட்டுகளில் அடுத்த விருப்பு எண்ணப்படும். ஆகவே சிறிய வேட்பாளருக்கு 1 போட்டு, முன்னணியில் இருப்பவர்களில் ஒருவருக்கு 2 அல்லது 3 போட்டவரின் வாக்கு வீணாவதில்லை. 2024 செப்டெம்பர் 21 தேர்தலில் முதன்முறையாக இது நடைமுறைக்கு வந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்ற வேட்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் 33 இலட்சம். அந்த 33 இலட்சத்திலிருந்து இரண்டாம் எண்ணிக்கையில் வந்து சேர்ந்தவை அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. மொத்தம் 2.73 இலட்சம். பன்னிரண்டு சீட்டில் ஒன்று. மற்றவை இந்த இருவருக்கும் விருப்பு இடப்படாததால் அந்தச் சுற்றில் யாருக்கும் சேரவில்லை. "சின்னவருக்குப் போட்டால் வீண்" என்று சொன்ன மேடைகளும், "ஒன்று மட்டும் போடுங்கள்" என்று சொன்ன மேடைகளும் வாக்காளருக்கு மறைத்தது இந்தப் பொறிமுறையைத்தான்.

பாராளுமன்றத் தேர்தலில் கணக்கு வேறு. 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். அதிக வாக்கு பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி 17 விகிதாசாரப்படி. மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாகப் பெறும் கட்சியோ சுயேச்சைக் குழுவோ பங்கீட்டிலேயே சேராது. ஆகவே பல சிறு குழுக்கள் தனித்தனியாக நின்று ஒவ்வொன்றும் 5 வீதத்துக்குக் கீழே விழுந்தால் அந்த வாக்குகள் ஆசனமாக மாறாது. இங்கே "சிதறும்" என்பது நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஒரே கட்சிப் பட்டியலில் இரண்டு தமிழ் வேட்பாளர்கள் நிற்கும்போது அதே எச்சரிக்கை செல்லாது: ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்குகள் உண்டு, இருவருக்கும் இடலாம். பட்டியலுக்குள் நடக்கும் விருப்பு வாக்குச் சண்டையைச் சமூகத்தின் ஆபத்தாக வேடம் மாற்றுவது வேட்பாளரின் சொந்த அச்சம்.

இந்தப் பயமுறுத்தல் ஏன் பலிக்கிறது என்பதற்கு உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1981இல் வெளியிட்ட சோதனை ஒன்று உதவும். 600 பேரைத் தாக்கும் நோய் ஒன்றைக் கற்பனை செய்து, ஒரே விளைவை "200 பேர் பிழைப்பர்" என்று கேட்டபோது 72 வீதத்தினர் அந்த நிச்சயமான தெரிவை எடுத்தார்கள். "400 பேர் இறப்பர்" என்று கேட்டபோது 78 வீதத்தினர் அதை விட்டு, எல்லாரும் பிழைக்கலாம் அல்லது எல்லாரும் இறக்கலாம் என்ற சூதாட்டமான தெரிவுக்குப் போனார்கள். இழப்பாகச் சொல்லப்பட்டால் மனம் துணிச்சலான பக்கம் சாயும். "உறுப்பினரைப் பெறுவோம்" என்பதைவிட "இருப்பதையும் இழப்போம்" என்பது மேடையில் அதிகம் கேட்பதற்கு இதுவே காரணம். அதே வாக்கியத்தைப் பெறுவதாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள்; சூடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் சட்டகத்தின், அதாவது சொன்ன விதத்தின், வேலை.

2015 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் மஹிந்த ராஜபக்ச, தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசு மேல், நான்தான் அந்தத் தெரிந்த பிசாசு என்ற பொருளில் வாக்குக் கேட்டதையும் இங்கே வைக்கலாம். தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் நகைச்சுவை கேட்பவரின் எதிர்ப்பைத் தளர்த்துகிறது. அதற்குள் பழக்கமானதே பாதுகாப்பு என்ற முடிவு நிரூபிக்கப்படாமல் உள்ளே வந்துவிடுகிறது. பேச்சுக்கலையாகப் பார்த்தால் கெட்டிக்கார வரி. தேர்தலில் அது பலிக்கவில்லை.

ஓசை செய்யும் வேலை

அணிகளை வழுவோடு போட்டுக் குழப்பக் கூடாது. எதுகையும் மோனையும் ஏமாற்று அல்ல. காரணம் இல்லாத இடத்தை அவை நிரப்பும்போதுதான் கவனம் வேண்டும். ஹெரிட்டேஜ், கிரேட்பாட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இன் பிரித்தானியக் கட்சி மாநாடுகளில் 476 பேச்சுகளை ஆராய்ந்து 1986இல் எழுதினார்கள். கைதட்டல்களில் சுமார் மூன்றில் இரண்டு, ஏழே ஏழு அமைப்புகளுக்குப் பின்னால் வந்தவை. அவற்றில் முன்னணியில் இருப்பது முரண் வைத்தல்; மூன்றை அடுக்கிச் சொல்லும் மூன்றடுக்கும் அவற்றில் ஒன்று. கூட்டத்துக்கு எப்போது தட்டுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மூன்றாவது சொல் விழும் இடம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

"வீட்டைத் தருவோம், வேலையைத் தருவோம், விடிவைத் தருவோம்." மோனை நன்றாக விழுகிறது. வீட்டையும் வேலையையும் எண்ணலாம், விடிவை எண்ண முடியாது. கைதட்டல் விழுவது அந்த மூன்றாவதில். அடுக்கைக் கேட்டால் மூன்றாவதை வெட்டிவிட்டு மீதியை எழுதுங்கள்: எத்தனை வீடு, எந்த ஆண்டுக்குள், எந்த நிதியிலிருந்து. "தவறுகள் நடந்துவிட்டன" போன்ற ஆளில்லாத வாக்கியத்துக்கு எழுவாயைச் சேர்த்து எழுதினால் போதும்.

மிகைப்படுத்தலுக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அணி இரண்டு கொத்து அரிசி தருவதாகச் சொன்னபோது, சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்ற பேச்சும் சேர்ந்து வந்தது. யாரும் அதை நேர்ப்பொருளில் எடுக்கவில்லை; பின்னர் பல பத்தாண்டுகள் எதிர்த்தரப்பு அதை நேர்ப்பொருளில் எடுத்ததுபோலக் கேலி செய்தது. அணியை வாக்குறுதியாகத் திரித்து அடிப்பதும் ஒரு வழுதான். ஆனால் 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சொன்ன "24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும்" வேறு ரகம். கெடுவோடு சொல்லப்பட்ட மிகை, சொன்னவரையே கட்டிவிட்டது. ஏப்ரலில் தேர்தல், ஜூனில் சட்டமூலம். அடுத்த ஆண்டு செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை பண்டாரநாயக்கவால் 1958 ஏப்ரலுக்கு அப்பால் காப்பாற்ற முடியவில்லை. மேடையில் விலையில்லாமல் விற்ற வரிக்குப் பேச்சுவார்த்தை மேசையில் விலை கொடுக்க வேண்டி வருகிறது.

இரண்டு மேடைகளையும் கேட்கக்கூடிய நகரம்

கொழும்பு வாக்காளருக்கு யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் இருப்பவருக்கு எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஒரே அணி நுகேகொடையில் சிங்களத்தில் பேசுவதையும் வெள்ளவத்தையில் தமிழில் பேசுவதையும் ஒரே வாரத்தில் கேட்கலாம். இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்கள் இங்கே அதிகம். இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்தால், நேரடி முரண்பாடு அகப்படுவது அரிது. அகப்படுவது மௌனம். மாகாண சபைத் தேர்தல், காணி, பொலிஸ் அதிகாரம், 13ஆவது திருத்தம், காணாமலாக்கப்பட்டோர் ஆகியவை தமிழ் மேடையில் பத்து நிமிடம் எடுத்து, சிங்கள மேடையில் ஒரு வரியும் இல்லாமல் போகலாம். அப்படியானால் அந்த வாக்குறுதிக்குப் பெரும்பான்மை வாக்காளரிடம் ஆணை கேட்கப்படவே இல்லை. விஞ்ஞாபனம் மூன்று மொழிகளில் வரும். இந்த ஐந்து விடயங்களை மட்டும் மூன்று பிரதிகளிலும் தேடிப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும்.

தன் பக்கத்துப் பேச்சாளரிடம் நாம் காட்டும் தாராளம்தான் இதில் பெரிய தடை. எதிரணியின் அடுக்குமொழி வெறும் வாய்ச்சவடால், நம் ஆளுடையது நாவன்மை. எழுதி வைத்த வாக்கியத்தில் பெயரை மட்டும் மாற்றி, எதிரணித் தலைவர் சொன்னதாக வாசித்துப் பார்த்தால் இது உடனே தெரியும்.

அதிகாரம் யாரிடம், நேரம் எவ்வளவு

மாநகர சபை வேட்பாளர் மின்கட்டணத்தைக் குறைப்பதாகச் சொன்னால் மேலும் ஆராயத் தேவையில்லை. கட்டணத்துக்கு அனுமதி தருவது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஜனாதிபதி வேட்பாளர் அரசியலமைப்பை மாற்றுவதாகச் சொன்னால் 150 உறுப்பினர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். சில உறுப்புரைகளுக்குச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க திகதியோடு சொன்னார். அந்த முறை இன்னும் இருக்கிறது, அந்த வாக்குறுதியும் மேடைகளில் இன்னும் இருக்கிறது.

சரிபார்க்க ஆவணங்கள் உள்ளன: விலைச் சுட்டெண்ணுக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், பொருளாதாரத் தரவுக்கு மத்திய வங்கி, பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதற்கு ஹன்சாட், வாக்கு எண்ணிக்கைக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு. இவற்றில் இல்லாததை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். "ஏன் வீடு கட்டவில்லை" என்று கேட்டால் விளக்கம்தான் வரும். "இன்ன திட்டத்தில் இன்ன ஆண்டில் கையளிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை, பட்டியலின் பிரதி" என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். முடிவு சொல்ல 14 வேலை நாட்கள், அதன்பின் தகவல் தர மேலும் 14 நாட்கள் வரை ஆகலாம்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்புமனு ஓகஸ்ட் 15, முக்கிய விஞ்ஞாபனங்கள் ஓகஸ்ட் கடைசி வாரம், பிரசாரம் செப்டெம்பர் 18 புதன்கிழமை நள்ளிரவோடு முடிவு, வாக்களிப்பு 21 சனிக்கிழமை. விஞ்ஞாபனத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கும் விண்ணப்பத்துக்கு வாக்களிப்புக்கு முன் ஆவணம் கைக்கு வருவது சந்தேகம். மே தினக் கூட்டத்திலேயே சொல்லத் தொடங்கிய எண்ணுக்கு மே மாதத்திலேயே விண்ணப்பித்தால் வந்துவிடும். கடைசிப் புதன் இரவுக் கூட்டத்தில் முதன்முறையாக வெளிவரும் எண்ணுக்கு எந்த ஆவணமும் எட்டாது, அமைதிக் காலத்தில் எதிர்த்தரப்பு மேடையேறிப் பதில் சொல்லவும் முடியாது. புதிய குற்றச்சாட்டுகள் அந்த இரவுக்கென்று வைத்திருக்கப்படுவதும் அதனால்தான்.